நோன்பு முடிந்த பிறகு நிற்பது எது?

நோன்பு மாதத்தில் இஷா நேரம் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு பள்ளிவாசலுக்குப் போனால் செருப்புக் கழற்ற இடம் தேட வேண்டும். தறாவீஹ் ஸப்புகள் உள்ளே நிரம்பி முற்றத்துக்கு வந்துவிடும். அஸருக்குப் பிறகு பள்ளிக் கஞ்சிக்குப் பிள்ளைகள் வாளியும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவர் நாக்கைக் கட்டிக்கொள்வார். வராத கடனை மன்னித்துக் கொப்பியில் கோடு போட்டுவிடும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பெருநாள் கழிந்து இரண்டு கிழமை போகட்டும். அதே பள்ளியில் சுபஹுக்கு முதல் ஸப்பு நிரம்பினாலே இமாமுக்குச் சந்தோஷம். எரிந்து விழுகிறவர் பழையபடி எரிந்து விழுகிறார்.

ஒவ்வொரு வருடமும் ஷவ்வால் மாதத்து ஜும்ஆக்களில் கதீப்மார் இதைச் சொல்லிக் கண்டிக்கிறார்கள். கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மனவுறுதி போதாது, ஈமான் பலவீனம் என்று பேச்சு முடிகிறது. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. ஒரு மாதம் விடியப் புறம் எழும்பி, பங்குனி வெயிலில் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் வயலில் நின்ற மனிதரை மனவுறுதி இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அவரிடம் மனவுறுதி இருக்கிறது. இல்லாமல் போனது வேறொன்று. அது என்னவென்று கடந்த ஐம்பது ஆண்டுகளின் உளவியல் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன.

அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட் பழக்கங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் மணிக்கு ஒரு தடவை தாங்கள் அப்போது என்ன செய்கிறோம், எதை நினைக்கிறோம் என்று எழுதி வரச் சொன்னார்கள். எழுதியவற்றில் ஏறத்தாழ 43 சதவீதம் அநேகமாகத் தினமும் அதே இடத்தில், அதே சூழ்நிலையில் செய்யப்படும் காரியங்கள். பெரும்பாலும் கை ஒன்றைச் செய்ய, மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. திரையரங்குக்கு வந்தவர்களுக்கு ஒரு கிழமை பழைய, சப்பென்று போன சோளப்பொரியைக் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பொரி கொறித்துப் பழகியவர்கள் புதிய பொரியைத் தின்றவர்கள் அளவுக்கே அதையும் தின்று தீர்த்தார்கள். நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனாலும் தின்றார்கள். வேறு சிலரைக் கூட்ட அறை ஒன்றில் இருத்திப் பாட்டுப் படக்காட்சி போட்டுக் கொடுத்தபோது பழைய பொரியைக் குறைவாகவே தின்றார்கள். திரையரங்கிலேயே பழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதும் குறைந்துவிட்டது.

இரண்டு இடத்திலும் இருந்தவர்களின் ஆசையோ கொள்கையோ வேறல்ல. மாறியது இருட்டும் இருக்கையும் திரையும்தான். பழக்கத்துக்கு விருப்பம் தேவைப்படுவது தொடக்கத்தில். பிறகு இடமும் நேரமும் போதும்.

மருதமுனையில் தறி ஓடும் ஒரு வீட்டுக்குப் போய் நெசவாளி ஒருவரின் கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு கை கயிற்றை இழுக்கிறது, நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாய்கிறது. கால் மிதிகட்டையை மாற்றி மிதிக்கிறது. மற்றக் கை அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடு நூலை இறுக்குகிறது. இதெல்லாம் நடக்கும்போதே அவர் பக்கத்து வீட்டாருடன் கல்யாணச் செலவைப் பற்றிக் கதைக்கிறார். ஒரு நூல் அறுந்தால் மட்டும் கதை நிற்கிறது. கண் பார்க்கும் முன்பே கை நின்றுவிடுகிறது. பழகத் தொடங்கிய முதல் மாதத்தில் இதே வேலைக்கு அவருடைய முழுக் கவனமும் போதாமல் இருந்திருக்கும்.

அவர் மூளைக்குள் நடந்ததை ஒத்த ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆன் கிரேபியல் எலிகளிடம் அளந்தார். ‘டி’ எழுத்து வடிவப் பாதையில் எலி ஓடி, ஒலிக்கேற்ற பக்கம் திரும்பினால் தின்ன ஏதாவது கிடைக்கும். மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்கள் உள்ளன. எலி பாதையைக் கற்கும்போது அங்குள்ள செல்கள் ஓட்டம் முழுவதும் மும்முரமாக இயங்கின. நன்றாகப் பழகிய பிறகு, ஓட்டம் தொடங்கும்போது ஒரு துடிப்பு, முடியும்போது ஒரு துடிப்பு. நடுவில் பெரும்பாலும் அமைதி. பல அசைவுகளை மூளை ஒரே தொகுப்பாக்கிவிட்டது. தொடக்கத்தைத் தட்டினால் முழுவதும் ஓடிவிடும்.

ஆக, கேள்வி இது: அந்தத் தொடக்கத்தைத் தட்டுவது எது?

நோன்பு மாதத்தில் அதைத் தட்டுவதற்கு ஊரே நிற்கிறது. ஸஹருக்கு எழுப்பும் அறிவிப்பு, அந்தக் காலத்தில் றபான் தட்டிவந்த பாவாமார், கஞ்சி மணம், மஃரிபுக்குச் சற்று முன் வெறிச்சோடும் கல்முனை பஸார், பேரீச்சம்பழம், இரவில் வெளிச்சம் அணையாத தெருக்கள். ஒவ்வொன்றும் ஒரு தூண்டல். ஒவ்வொன்றோடும் ஒரு நல்ல செயல் பிணைந்திருக்கிறது. பெருநாள் பிறை கண்ட இரவோடு இந்தத் தூண்டல்கள் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. செயல் மட்டும் எதில் பிடித்துக்கொண்டு நிற்கும்? திரையரங்குக்கு வெளியே பொரிப் பழக்கத்தின் பிடி தளர்ந்தது போலத்தான் நாம் தஹஜ்ஜுதை மறக்கிறோம். கெட்ட பழக்கத்துக்குப் பொருந்துகிற விதி நல்ல பழக்கத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

நாட்கணக்கிலும் நோன்பு மாதம் சற்றுக் குறுகியது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று கிழமையாவது ஆகிறது என்று 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அதுதான் கை மாறி வாய் மாறி இப்படி ஆனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி முறையாக அளந்தார். 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தெரிவு செய்து, நாளின் ஒரு குறித்த நிகழ்வோடு அதைப் பிணைத்து, 84 நாள் செய்து பதிந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்ற மாதிரி. யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். விரைவில் பழகியவருக்கு 18 நாள். மிகத் தாமதமானவருக்கு 254 நாள் ஆகலாம் என்று, ஆய்வுக் காலத்தையும் தாண்டி வளைகோட்டை நீட்டிக் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி மெதுவாகவே படிந்தது. அதாவது சிறியது முந்திக்கொள்கிறது. 29 அல்லது 30 நாள் நோன்பு, பெரும்பாலானோருக்குப் பாதி வழி.

அதே ஆய்வில் நெஞ்சுக்கு இதமான ஒரு செய்தியும் இருக்கிறது. ஒரு நாள் தவறவிட்டவர்களின் பழக்கம் அதனால் குறிப்பிடத்தக்க அளவு பின்வாங்கவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்கள் விட்ட இடத்திலிருந்தே ஏறினார்கள். ஒரு சுபஹ் கழா ஆகிவிட்டால் ‘இனி என்ன’ என்று அந்தக் கிழமையையே கைவிடுகிற இளைஞர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி மொரோக்கோவுக்குப் போவோம். மராகேஷ் நகரத்தின் பழைய கடைத்தெருவில் எரிக் டுஹெய்ம் என்ற ஆய்வாளர் கடைக்காரர்களிடம் ஒரு சிறிய சோதனை நடத்தி 2015இல் வெளியிட்டார். பணத்தில் தனக்கு எவ்வளவு, தர்மத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் தெரிவு செய்ய வேண்டும். பாங்கு சத்தம் காதில் விழும் நேரத்தில் கேட்கப்பட்டவர்கள், சத்தமில்லாத நேரத்தில் கேட்கப்பட்டவர்களைவிடத் தாராளமாகக் கொடுத்தார்கள். அதே கடைத்தெரு, அதே மாதிரி மனிதர்கள், அதே மார்க்கம். பாங்கு ஓய்ந்த பிறகு அந்தத் தாராளமும் தணிந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு மதப்பற்றின் ஆழமின்மை என்று கைகொட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மனித மனத்துக்கு நினைவூட்டல் தேவை என்பதும், அது ஒரு நாளில் ஐந்து தடவை வருகிறது என்பதும் எவ்வளவு பெரிய வசதி! கல்முனை பிரதான வீதியில் நின்றால் ஒரு பள்ளியின் பாங்கு முடிய முன்னே அடுத்ததின் குரல் எழும்பும். நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் இப்படித்தான். இது நோன்போடு போவதில்லை. முஹர்ரத்திலும் வரும், மழைக்காலத்திலும் வரும், வெள்ளாமை வெட்டும்போதும் வரும். வருடம் முழுவதும் அசையாமல் சுவரில் நிற்கும் ஐந்து ஆணிகள் இவை. நோன்பில் நாம் போட்டுக்கொண்ட நல்ல உடுப்புகளை மாட்ட வேண்டியது இவற்றில்தான்.

மாட்டுவது எப்படி? ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சொன்ன வழி கேட்க அற்பமாக இருக்கும். ‘நான் நல்லவனாக இருப்பேன்’ என்பது எண்ணம். ‘இன்னது நடக்கும்போது இன்னதைச் செய்வேன்’ என்பது திட்டம். அவர் 1990களில் நடத்திய ஒரு சோதனையில் மாணவர்கள் கிறிஸ்மஸுக்கு முந்திய மாலையை எப்படிக் கழித்தார்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எழுதப்போகும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் நால்வருக்கு மூவர் அளவில் அனுப்பினார்கள். வெறுமனே சம்மதித்தவர்களில் மூவருக்கு ஒருவர்தான். பெருநாள் அமளியில் மறந்துபோவதை நாம் அறியாதவர்களா? 2006இல் இப்படியான 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த எளிய திட்டத்தின் பலன் கணிசமாகவே தெரிந்தது.

எனவே நோன்பின் எல்லா நன்மைகளையும் ஷவ்வாலுக்குத் தூக்கிக்கொண்டு வர முயல வேண்டாம். ஒன்றே ஒன்று, அதுவும் மிகச் சிறியது. அஸர் தொழுது பள்ளிப் படியால் இறங்கும்போது உண்டியலில் ஒரு நாணயம். லுஹருக்குக் கடையைச் சாத்தும்போது இன்று யாரிடமாவது கடுமையாகப் பேசினேனா என்று ஒரு நினைப்பு. மஃரிப் தொழுத பாயிலிருந்து எழும்பு முன் வயதான உம்மாவுக்கு ஒரு போன். தொடர்ந்து செய்யப்படும் அமலே, அது சிறிதாக இருந்தாலும், அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிகளார் சொன்னதாக ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் நம் ஊரில் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லாலியின் வளைகோடு அதையே வேறு வழியில் வந்து தொடுகிறது.

பாங்கு மட்டும்தான் ஆணி என்றில்லை. இந்தியாவின் மிசோரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஒன்று செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். அதைச் சேர்த்துத் தேவாலயத்துக்குக் கொடுப்பார்கள். 1910 அளவில் தொடங்கிய இந்தப் பிடியரிசி இன்று அங்குள்ள திருச்சபையின் முக்கியமான வருமானங்களில் ஒன்று. பிடியரிசி நம் பக்கங்களிலும் அறியாத வழக்கம் அல்ல. சமைப்பதை எந்த வீடும் மறப்பதில்லை. ஆகவே பிடி அரிசியும் மறக்கப்படுவதில்லை. கொடுக்கிறவருக்கு அந்த ஒரு பிடி கனப்பதும் இல்லை. சம்மாந்துறை வெளியும் அக்கரைப்பற்று வெளியும் சூழ்ந்த, நெல்லுக்குக் குறைவில்லாத இந்தக் கரையில் இதை மறுபடி தொடங்க எந்தப் பெரிய அமைப்பும் தேவையில்லை.

சிறியது என்பதால் அதன் விளைவும் சிறியது என்று நினைக்க வேண்டாம். அட்டாளைச்சேனைக்கு மேற்கே பள்ளக்காட்டில் ஒரு குப்பை மேடு இருக்கிறது. 2008 அளவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைந்தது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பை அங்கே போகிறது. வேலியாக இருந்த மின்கம்பிகள் 2014இல் மின்னல் தாக்கிப் பழுதாயின, திருத்தப்படவில்லை. காட்டு யானைகள் குப்பைக்குள் இறங்கின. 2022 தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி அதற்கு முந்திய எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்திருக்கின்றன. செத்த யானைகளை அறுத்துப் பார்த்த வனவிலங்கு மருத்துவர்கள் வயிற்றுக்குள் கண்டவை பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும்தான். வழக்கமாக யானை தின்னும் இலையோ புல்லோ இல்லை.

இந்த யானைகளைக் கொல்ல வேண்டுமென்று எங்கள் ஊரில் ஒரு மனிதரும் நினைத்ததில்லை. சந்தையில் அரைக் கிலோ வெண்டிக்காய்க்கு ஒரு சொப்பிங் பேக், மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு இரண்டு. கடைக்காரர் கை தானாக நீட்டுகிறது, நம் கை தானாக வாங்குகிறது. தீமை என்று ஒன்றை யாரும் தெரிவு செய்யாமலே ஒரு தீமை நடந்து முடிகிறது. பழக்கத்தின் இந்தப் பக்கம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் சமூகம், தானே தினமும் நாலு முள்ளைப் போட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் இருக்கிறது.

பையைக் கொண்டுபோக மறந்துவிடுகிறோம் என்பது எல்லோரும் சொல்வது. உண்மைதான். பை சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சந்தைக்குப் போகும் நினைப்பு வருவதோ பள்ளியால் வரும் வழியில். தூண்டல் ஓரிடம், பொருள் வேறிடம். துணிப்பை ஒன்றை மடித்து மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டாட்டியானா ஹோமோனாஃப் ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது: சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சதம் தருகிறோம் என்ற கடைகளில் ஏறத்தாழ ஒன்றுமே மாறவில்லை. கடைப்பைக்கு 5 சதம் எடுக்கத் தொடங்கியதும் மக்கள் பையை வெகுவாகக் குறைத்தார்கள். தொகை ஒன்றுதான். கேட்பதற்கு ஒரு கணம் கை நிற்கிறது. அந்தக் கணத்தில்தான் தெரிவு பிறக்கிறது. நம் சந்தையில் வியாபாரி, பையை நீட்டாமல் ‘பேக் வேணுமா காக்கா?’ என்று கேட்டாலே அந்தக் கணம் கிடைத்துவிடும்.

பழக்கத்தை மாற்ற நல்ல காலம் என்று ஒன்று உண்டா? உண்டு. இங்கிலாந்தின் பீற்றர்பரோவில் பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ரோயும் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. அவர்களில் பாதிப்பேர் அண்மையில் வீடு மாறியவர்கள். சுற்றுச்சூழலுக்கு நன்மையான பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தபோது வீடு மாறியவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாசல் ஏறத்தாழ மூன்று மாதம் திறந்திருந்தது. பழைய தூண்டல்கள் போய், புதியவை இன்னும் உறுதிப்படாத இடைவெளி அது.

இதை வாசித்தபோது எனக்கு நம் ஊர் மாப்பிள்ளைமார்தான் ஞாபகம் வந்தார்கள். கிழக்குக் கரையில் கல்யாணமாகி வீடு மாறுவது ஆண். பெண் வீட்டார் சீதனமாக வீடு கொடுக்க, மாப்பிள்ளை அங்கே போய் வாழ்கிறார். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தாய்வழிக் குடி முறையோடு சேர்த்து இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அந்தப் புது மாப்பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். புது மஹல்லா, பள்ளிக்குப் புது வழி, ஸப்பில் பக்கத்தில் புது முகம், வேறு தேநீர்க் கடை, பின்னேரம் கூடி நிற்கப் பழைய சந்தி இல்லை. சிகரெட்டை விட வேண்டுமென்றால் இதுதான் நேரம். சுபஹ் ஜமாஅத்தைத் தொடங்க வேண்டுமென்றாலும் இதுதான். மாமனார் முதல் கிழமை கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனால் போதும். பெண்ணுக்கு இந்த வாய்ப்பு வருவதில்லை. அவள் அதே வளவில், அதே கிணற்றடியில், ஆனால் இரட்டிப்பு வேலையோடு இருக்கிறாள். அவளிடம் புதிய நற்பழக்கம் எதிர்பார்ப்பவர்கள் முதலில் அவள் நாளில் எதையாவது குறைக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, மார்க்கம் அறிந்த ஒருவர் நியாயமாகவே தடுத்துக் கேட்பார்: யோசிக்காமல் செய்வது எப்படி நன்மையாகும்? செயலுக்கு நிய்யத் அல்லவா உயிர்? தறி ஓட்டுகிற மாதிரித் தொழுது என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி நல்லதொரு வழி காட்டுகிறார். 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரத்தில் பிறந்து 1111இல் மறைந்தவர். இஹ்யா உலூமித்தீன் நூலில் குணத்தைப் பற்றிப் பேசும்போது, சிந்தித்துச் சிரமப்படாமல் செயல்கள் எளிதாக வெளிவரும்படி உள்ளத்தில் நிலைபெற்ற ஒரு தன்மையே குணம் என்கிறார். எப்போதோ ஒரு தேவைக்காகக் கொடுத்தவரைக் கொடையாளி என்று சொல்ல முடியாது; கொடுப்பது இயல்பாகிவிட்டவரே கொடையாளி. அதற்கு வழி? அழகாக எழுத விரும்புகிறவன் தேர்ந்த எழுத்தாளன் கை செய்வதைத் தன் கையால் முதலில் வலிந்து செய்கிறான். நாளடைவில் அது அவன் இயல்பாகிறது. கொடையும் பணிவும் அப்படியே வருகின்றன. நீதியான காரியங்களைச் செய்தே நீதிமான் ஆகிறோம் என்று அரிஸ்டாட்டில் அவருக்குப் பதினான்கு நூற்றாண்டு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அதே கஸ்ஸாலி, உள்ளம் கூட வராத தொழுகையைப் பற்றி மிகவும் கடுமையாக எழுதியவர். எளிதாக வெளிவரவும் வேண்டும், உள்ளமும் கூட இருக்க வேண்டும். இரண்டும் எப்படி?

லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பெஞ்சமின் கார்ட்னர் 2016இல் பிரித்துக் காட்டிய ஒரு வேறுபாடு இங்கே பெரிதும் உதவுகிறது. ஒரு செயலைத் தொடங்குவது பழக்கமாகலாம். அதைச் செய்துமுடிக்கும் விதமும் பழக்கமாகலாம். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் எத்தனை தடவை உடற்பயிற்சி செய்கிறார் என்பதைத் தீர்மானித்தது தொடங்கும் பழக்கமே. உள்ளே போன பிறகு அவர் எவ்வளவு இயந்திரத்தனமாகச் செய்கிறார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. ஆக, பள்ளிக்குப் போவதைக் காலிடம் விட்டுவிடலாம். போகவா வேண்டாமா என்ற வாதம் மனதுக்குள் எழவே கூடாது. தக்பீர் கட்டிய பிறகு வரும் சில நிமிடங்களைக் காலிடமும் நாக்கிடமும் விட்டுவிடக் கூடாது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நிய்யத், ஆரம்பத் தக்பீரோடு சேர்ந்து உள்ளத்தில் இருக்க வேண்டும். பழக்கம் கொண்டுவந்து விட்ட இடத்தில் விழிப்பு கையேற்றுக்கொள்கிறது. தர்மமும் அப்படித்தான்: உண்டியலடியில் கை நிற்பது பழக்கமாகட்டும். யாருக்காகப் போடுகிறோம் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக வரட்டும்.

நற்குணம் ஒரே கட்டியாக ஒரு மனிதருக்குள் இருக்கிறது என்ற நினைப்பையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது நல்லது. 1928இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. காசை எடுக்காத பிள்ளை வீட்டுப் பாடத்தில் பொய் சொன்னது. தராசில் ஒரு கிராம் பிசகாத வியாபாரி கடைக் குப்பையைக் கானுக்குள் தள்ளுவதைப் பார்த்து அவரைப் போலி என்று முடிவு கட்டுகிறோம். அவர் போலி அல்ல. தராசடியில் அவருக்குப் பழக்கம் இருக்கிறது, கானடியில் இல்லை. அதை அங்கேயும் உண்டாக்கலாம்.

ஒரு தனி மனிதரின் பழக்கத்தால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1973இல் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு நிகழ்த்த அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகினார். நேரமிருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். பிந்திவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அவர்களில் சிலர் பேசப்போன விஷயமே வழியில் விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. நேரம் இல்லாத இடத்தில் குணமும் இளைத்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசல்களில் நடக்கும் ஹோர்ன் சத்தத்தையும் சண்டையையும் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். பத்து நிமிடம் முந்திப் புறப்படுவதையே ஒரு நற்குணப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் செய்ய முடியாததை ஊர் செய்யலாம். பள்ளிவாசல் வுழூச் செய்யும் இடத்தைப் பாருங்கள். முன்பு ஹவுழ் இருந்தது. உட்கார்ந்து கையால் அள்ள வேண்டும். மிஞ்சியது அதிலேயே இருக்கும். இப்போது வரிசையாக பைப். முழுவதும் திறந்துவிட்டு, தலைக்கு மஸஹ் செய்யும்போதும், பக்கத்தவருக்கு ஸலாம் சொல்லும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நபிகளார் ஒரு முத்து அளவு, அதாவது முக்கால் லீட்டருக்கும் மேற்படாத தண்ணீரில் வுழூச் செய்ததை நாம் அறிவோம். இந்தக் கரையின் நன்னீர் மணலுக்குள் ஆழமில்லாமல், உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாகக் கிடக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிக் கிடந்த மாதங்களை நாம் கண்டிருக்கிறோம். ‘தண்ணீரை வீணாக்காதீர்’ என்ற எழுத்து எல்லாப் பள்ளிச் சுவரிலும் இருக்கிறது. நாளுக்கு ஐந்து தடவை கண்ணில் படும் எழுத்தைக் கண் விரைவில் பார்க்காமல் விட்டுவிடும்.

நம்பிக்கையாளர் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்த வேலையின்போது, அழுத்தினால் சில விநாடி ஓடித் தானாக நின்றுவிடும் பைப்புகளைப் போடுங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் ஒவ்வொரு பைப்புக்கும் கீழே உள்ள வால்வைப் பாதிக்கு மூடிவிடுங்கள். அது ஒரு பின்னேர வேலை. பைப்புக்குக் கீழே வாளி வைத்து, மூடும் முன்பும் பின்பும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் விழுகிறது என்று மத்ரஸாப் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். அளந்த கணக்கை அவர்கள் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி, சுவரில் அல்ல, பைப்புக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மாதம் ஒரு தடவை அந்த அட்டையை மாற்றச் சொல்லுங்கள்.